பிடித்தம்

யுத்த விமானங்கள் இறங்கிய தளத்தில்
இப்போது கார் ஓட்டப் பழகுகிறார்கள்.
திணறித் திணறி நிற்கிறது ஒரு மாருதி.
சிமெண்ட் விரிசலில் கொழுஞ்சி.

இங்கேதான் நான் மஸ்டர் எழுதினேன்.
காலையில் பேர் கூப்பிட்டு ஒரு கோடு,
மாலையில் அதன் மேல் குறுக்கே ஒன்று.
பெருக்கல் குறி விழுந்தால் பத்தணா.

வெள்ளைச் சிப்பாய்க்கு ஒரு குழாய்,
கூலிப்படைக்கு ஒரு குழாய்.
அந்தக் குழாயிலும் முத்திருளாண்டி ஆட்கள்
கடைசியில்தான் பிடிக்க வேண்டும்;
அது வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இல்லை.
எனக்கு வீட்டிலிருந்து கூஜா வந்தது.

குண்டு இறக்க எங்கள் ஆட்கள் மட்டும்.
எந்தக் குழு எத்தனை பெட்டி என்று
துரைமார் நிழலில் பந்தயம் கட்டினார்கள்.
கையுறை கேட்டான் சேவுகன்.
"உங்களுக்குத்தான் தோல் தடிப்பாச்சே" என்றார் துரை.
தமிழில் அதைச் சொன்னவன் நான்.

ஆனி இருபத்துநாலு, பகல் இரண்டே கால்.
சத்தம் நினைவில்லை.
பிறகு வெகுநேரம் வானத்திலிருந்து
செம்மண் இறங்கிக்கொண்டிருந்தது.
எங்கோ ஒரு தகரக் குவளை
உருண்டு உருண்டு நின்றது.

மூன்று மைல் தள்ளி வீதி நெடுக
பச்சையும் ஊதாவுமாய்க் கண்ணாடி கொட்டியது.
ரங்கூனை இழந்திருந்த பெரிய வீட்டார்
ஜன்னலுக்கு நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார்கள்.
கிடைத்தது, முழுசாக.

செத்த துரைமார் மூவருக்கும் தனித்தனிக் கல்.
நாற்பத்தொரு பேருக்கு ஒரே குழி.
என் ஏட்டில் நாற்பத்தொரு ஒற்றைக் கோடு.
அரை நாள் என்று கணக்கு வைக்கச் சொன்னார்கள்.
வைத்தேன்.
வாரக் கூலியில் பிடித்தமும் எழுதினேன்:
கம்பளி ஒன்று, திரும்பி வரவில்லை.
குவளை ஒன்று, திரும்பி வரவில்லை.
முத்திருளாண்டியின் பெண்சாதி
மிச்சத்துக்குக் கைநாட்டு வைத்தாள்.

பதினாறாம் நாள் அடுத்த ரயில் வந்தது.
மிஞ்சியவர்கள் வேகன் வரைக்கும் நடந்தார்கள்,
உட்கார்ந்தார்கள்.
கூச்சல் இல்லை, கொடி இல்லை.
சேவுகன் மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னான்:
"மொதல்ல அவுக பேரெப் படிங்க."
ஏடு என் கையில்தான் இருந்தது.

கலகம் என்று எழுதச் சொன்னார் துரை.
முதலெழுத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
அவ்வளவுதான், நின்றது.
பெல்லாரி ஜெயிலுக்கு லாரி
இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டது.

ஹாரன் அடிக்கிறான் மாருதிப் பையன்,
பாதையை மறித்து நிற்கிறேனாம்.
இரப்பா.
அடைக்கலம், வெள்ளைக்கண்ணு, கொப்புடையான்...
இன்னும் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள்.