இடப்பக்க ஜன்னல்

வியாழனும் சனியும் இரவு ஒன்பது பத்துக்கு
என் ஜன்னலுக்குக் கீழே
நீவெஸ் கொசூத்தா கொல்லப்படுகிறாள்.
தலைக்குப் பன்னிரண்டு யூரோ.
சிறுவர்களுக்குப் பாதி.

வழிகாட்டி தூலியோ கையில் ஒரு லாந்தர், பேட்டரி லாந்தர்.
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு, பிப்ரவரி.
திரியெஸ்தே நகரமே உறங்கிக்கொண்டிருந்தது"
என்று தொடங்கிக் குரலைத் தாழ்த்துவான்.
தாழ்ந்த குரல்தான் மூன்று மாடி ஏறி வரும்.

நான் குடிவந்த வருஷம் ஒன்பது குத்து.
பிறகு பதினொன்று.
இந்தக் கோடையில் பதினேழு.
செத்தவளை இன்னும் குத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அழகும் அப்படித்தான் ஏறியது.
முதலில் அவள் துறைமுகக் கிடங்கில்
காப்பிக்கொட்டை பொறுக்கியவள்,
முப்பத்தொரு வயது, இடது காது மந்தம்.
இப்போது காது கேட்கிறது. வயது இருபத்திரண்டு.
போன மாதத்திலிருந்து கூந்தல் சிவப்பு.

அப்புறம் ஆட்கள்:
கப்பல் வைத்தியர்,
எதிர்க்கடைக் கசாப்புக்காரர்,
சீட்டாட்டத்தில் எல்லாம் தோற்ற ஒரு ஹங்கேரியப் பிரபு,
வீட்டுக்காரரின் தம்பி.
தம்பியின் பேரன் இதே தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறார்,
அந்த நேரத்துக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்.

கை தூக்கச் சொல்வான் தூலியோ.
வைத்தியருக்குத்தான் எப்போதும் அதிகம்,
கையுறை போட்ட கைமேல் ஜனங்களுக்கு ஒரு மோகம்.
தேனிலவு ஜோடி இன்னும் நெருங்கி நிற்கும்.
ஐஸ்கிரீமை நக்கியபடி ஒரு பையன்
"ரத்தம் எந்தப் படி வரைக்கும் வந்தது?"

நான் மட்டும் யோக்கியமா?
வாடகை ஏன் மலிவு என்று தரகர் சொல்லத் தொடங்கியதும்
இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்று
காப்பி வாங்கிக் கொடுத்தவள்.
முதல் வாரம் முழுக்கச் சுவரில் கறை தேடினேன்.
கிடைத்தது, யாரோ ஒட்டிவிட்டுப்போன சூயிங்கம்.

போன இலையுதிர் காலத்தில் ஒருத்தி
மேலே கைகாட்டி அலறினாள்.
பத்துப் பதினைந்து போன்கள் என்னை நோக்கி மின்னின.
ஆஸ்பத்திரி இரவு வேலைக்குக் கிளம்பித்
தலை சீவிக்கொண்டிருந்தேன்.
அடுத்த வியாழனிலிருந்து கதையில்
வெள்ளைச் சீருடையாய் ஓர் உருவம் ஜன்னலில் வந்து தலை வாருகிறது.

அன்றுமுதல் அந்தக் கம்பியில் சாக்ஸ் காயப்போடுகிறேன்.
ஆவிக்கு ஏது சாக்ஸ்?
அதையும் சேர்த்துக்கொண்டான்.

ஜனவரியில் குழாய் வெடித்தது.
தரைப்பலகையைப் பெயர்த்த பிளம்பர்
தூசியோடு ஒரு சீட்டை நீட்டினார்.
செருப்புக் கடை ரசீது.

பழுப்புக் கட்டுக்காலணி, அளவு முப்பத்தேழு.
அடித்தோல் இரண்டு, குதி ஒன்று.
பெயர் கொசூத்தா. பாதிப் பணம் கட்டியாயிற்று.
செவ்வாய் வந்து வாங்கிக்கொள்ளவும்.

ஞாயிறு ராத்திரி கொலை.

தொண்ணூறு வருஷமாய் "யார், யார்" என்கிறது ஊர்.
எனக்கு அந்த ஒற்றைக் குதி ஓயமாட்டேன் என்கிறது.
எந்தக் கால்? ஏன் ஒன்று மட்டும் தேய்ந்தது?
கேட்கும் காதை முன்னே கொடுத்துச்
சாய்ந்து நடப்பாளோ?
இருந்ததே அந்த ஒரு ஜோடியென்றால்
ஞாயிற்றுக்கிழமை எதைப் போட்டுக்கொண்டு படியேறினாள்?
மீதிப் பணம் எந்த டப்பாவில் இருந்தது?

தூலியோவிடம் சொல்லவில்லை.
சொன்னால் அடுத்த நடைக்குள்
செருப்புத் தைத்தவனும் பட்டியலில் நிற்பான்.
கை தூக்குவார்கள்.

இன்று போரா காற்று. மேட்டிலிருந்து இறங்கிக்
குப்பைத்தொட்டிகளைக் கடல்வரை உருட்டுகிறது.
சரிவுத் தெருவில் ஒரு கிழவர்
கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
காற்றைத் திட்டிக்கொண்டே போகிறார்.
நடை ரத்து.

ஒன்பது பத்து ஆகிறது. கீழே யாருமில்லை.
ஜன்னல் இடுக்கு ஊளையிடுகிறது.
சீட்டை மேசையில் விரித்து
உப்பு டப்பாவை மேலே வைக்கிறேன்.
என் அளவும் முப்பத்தேழுதான்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது
போன் உறை விற்கிறார்கள். விசாரித்தேன்.
அந்தப் பெண் சிரித்தாள், என்ன உறை வேண்டும் என்றாள்.

இன்று சனி.
செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள்.