வலப்பக்கம்

கையில் இருப்பது ஒரே ஒரு போட்டோ.
ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் நிற்கிற இன்ஜின்,
இடப்பக்கம் மட்டும்.

பித்தளைக் குழாயை அறுத்து பாய்லர்.
பால்பவுடர் டின்னைத் தட்டி கேபின்.
தகட்டின் முதுகில் மழுங்கின ஊசியால் குத்தக் குத்த
முன்பக்கம் முளைத்தன முந்நூற்றுப் பன்னிரண்டு ரிவெட்டுகள்.
ஒன்று கோணல். எதுவென்று சொல்லமாட்டேன்.
வெறும் கறுப்பு இரும்பாகாது,
ஒரு சொட்டு காவி சேர்க்கவேண்டும்.

நகரியில் தெருவே தறி.
பகலெல்லாம் மேசை அதிரும், தூரிகை நுனி அதிரும்,
மஞ்சள் கோடு புழுவாய் நெளியும்.
இரண்டு மணிக்கு கரண்ட் போகும்.
தெரு மொத்தமும் தெலுங்கில் ஒருதரம்,
தமிழில் ஒருதரம் திட்டி ஓயும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு கோடு இழுப்பேன்.
நாளைக்கு ஒன்று.

"அந்தப் பக்கம் யார் பார்க்கப்போறா,
கறுப்பு அடிச்சு விடேன்" என்றார் முனிரத்தினம்.
அடித்தேன்.
ராத்திரி தூக்கம் வரவில்லை.

தண்ணீர் எந்த வழியாகப் போக ஆசைப்படும்
என்று யோசித்து யோசித்து
செம்புக் கம்பிகளை வளைத்தேன்.
ஒரு வால்வுக்கு இடமில்லாமல்
படியை நகர்த்தினேன், திரும்பவும் நகர்த்தினேன்.

இப்போது அலமாரியில்
போட்டோவில் உள்ள பக்கம்
சுவரைப் பார்த்து நிற்கிறது.