இடப்பக்கம்

ஆறு மாதமாய் வலது தோள் வலி.
ஐந்து ரோட்டில் ஒரு எக்ஸ்ரே,
தூங்கும் பக்கத்தை மாற்றச் சொன்ன டாக்டர்,
பச்சை நிறத்தில் ஒரு களிம்பு.
வண்டி ஓட்டுவீங்களா என்றார். ஓட்டுவேன் என்றேன்.
வண்டி எப்படி ஓடுகிறது என்று அவர் கேட்கவில்லை.

கோரிமேட்டில் சின்னப்பையன் கேட்டார்.
பெயர்தான் அப்படி; பேரன் எடுத்துவிட்டார்.

வாரம் மூன்று நாள் என் ஆம்னியில்
ஏற்காட்டு ஓட்டல்களுக்கு முட்டை ஏறும்.
தட்டுக்கு முப்பது, இரு பக்கமும் சமம்.
பாரத்தில் தப்பில்லை.
காற்று பார்த்தார், அதுவும் சரி.
"மாதம்மா, ஸ்டியரிங்க விடு."
விட்டேன்.
தெரிந்தவர் கடையைக் கண்டதுபோல்
இடப்பக்கம் ஒதுங்கிப் போனது வண்டி.

"ரோடே சாஞ்சிருக்கலாம்."
விடியலில், ஆளில்லாத கன்னங்குறிச்சிச் சாலையில்
வலது ஓரமாய், தப்பான பக்கத்தில், ஓட்டிப் பார்த்தோம்.
பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி
என் பிறப்பை விசாரித்தார்.
அங்கேயும் இடப்பக்கம்தான்.
ரோடு நிரபராதி.

முன் டயர் இரண்டையும் இடம் மாற்றினார்.
"இப்ப வலப்பக்கம் இழுத்தா, குத்தம் டயருது."
இழுக்கவில்லை.
டயரும் வீட்டுக்குப் போகலாம்.

கடைசியில் மலைக்கு அனுப்பினார்.
"ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்ல.
மேல போய் ரெண்டு சக்கரத்துக்கிட்டயும் கைய கொண்டுபோ. தொட்டுடாத."

இருபது கொண்டை ஊசி.
ஒண்டிக்கடையில் மூடுபனி.
சுற்றுலா வந்தவர்கள் பஜ்ஜி தின்றபடி பார்க்க
சக்கரத்தின் அருகே குந்தினேன்.
வலதில், விரலுக்குக் குளிர்தான் கிடைத்தது.
இடதில், ஒரு சாண் தள்ளியே சூடு.
இலையிலிருந்து சொட்டிய துளியொன்று
சுர்ரென்று காணாமல் போனது.

"எது சுடுது?"
"இடது."
போனில் சிரித்தார். "புடிச்சா விடத் தெரியல அதுக்கு.
நீ பிரேக்க விட்டாலும் அது விடல.
ஆறவச்சு, செகண்டுல எறங்கு."

சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பின், துருவேறியது.
தேய்த்து, கிரீஸ் தடவி, நானூறு ரூபாய்.
அந்தப் பின்னோடு
ஆறு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறது என் தோள்.

மறுநாள் அடிவாரச் சாலை, நேர்க்கோடு.
எதிரே வந்த பஸ் நீளமாய் ஹாரன் அடித்தது.
நான் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தேன்.
ஓரமாய் நிறுத்திப் போன் போட்டேன்:
"இப்ப வலப்பக்கம் இழுக்குதுண்ணா."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ஸ்பேனர் சத்தம்.
"கைய விட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை.
சாலை காலியாகும்வரை காத்திருந்து
கிளப்பி, விட்டேன்.

நேராகப் போனது.