செத்த கட்டைகள்

நாலு மணி வகுப்புக்கு மூன்றரைக்கே வந்து
சைக்கிளைப் பூட்டுவதும் திறப்பதுமாக
வாசலில் நிற்பான் கெர்சோன்.
தப்பிக்கப் பார்க்கிறான், தெரியும்.
போகட்டும்.
முருகன்குறிச்சி வரை மிதித்துத் திரும்பி வந்தால்
அந்த மூச்சிரைப்பைக் கொண்டே
முக்கால் தாளம் எண்ணச் சொல்வேன்.
பியானோ பிறகு.

எங்கே படித்தீர்கள் டீச்சர் என்று கேட்பார்கள்
பீஸ் விசாரிக்க வரும் அம்மாக்கள்.
சென்னையா? லண்டன் கிரேடா?
தேரிக்காட்டு ஓரத்தில் படித்தேன்.
அப்பா உபதேசியார்.
கோயிலில் ஒரு மிதி ஆர்கன்,
துருத்திக்குள் செம்மணல்,
மேல் ஸ்தாயியில் மூன்று கட்டைகள் செத்தவை.
அழுத்தினால் டக்கென்று மரம் மட்டும் பேசும்.

'சபை காத்துக்கிட்டு நிக்காது பாத்துக்கோ,
அந்த மூணையும் வாயால போட்டுட்டுப் போயிரு'
என்றார் அப்பா.
போட்டேன்.
ஒன்பது வயதிலிருந்து பத்தொன்பது வரை
கல்யாணத்துக்கு, அடக்கத்துக்கு,
அண்டாவில் சோறு கொதிக்கும் அசனப் பண்டிகைக்கு,
கால் துருத்தியை மிதிக்க
கை பத்தும் ஓட
மூன்று இடங்களில் மட்டும் வாய் திறந்து மூடும்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை,
அல்லது கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

பிறகு வாய்த்த நல்ல பியானோவில்
எல்லாக் கட்டையும் உயிரோடிருந்தது.
என் வாய் அதை நம்பவில்லை.
மதுரையில், ஆறாம் கிரேடு தேர்வில்,
ஏசிக் குளிரில் விரல் விறைத்த மதியத்தில்
தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மார்க் தாளில் ஒரு வரி:
'இடையிடையே பாடுகிறார். காரணம் விளங்கவில்லை.'
நாலு மார்க்கில் போயிற்று.
அடுத்த வருஷம் உதட்டைக் கடித்துக்கொண்டு தேறினேன்.
சான்றிதழ் பீரோவுக்குள்.
கடித்த தடம் கொஞ்ச நாள் இருந்தது.

புத்தகத்தில் விரல்களுக்கு எண் போட்டிருக்கும்,
கட்டை விரல் ஒன்று, சுண்டு விரல் ஐந்து.
பென்சிலால் அடித்து மாற்றுவதுதான் என் பாதி வேலை.
மிஸ்பாவுக்குக் கை சிறிது,
பேங்க் மேனேஜர் மகளுக்கு நகம் நீளம்,
ஆவுடையப்பனுக்கு
வலது கையில் நாலாம் விரலே இல்லை.

மோட்டார் காயில் கட்டுகிறவர். நாற்பத்திரண்டு வயது.
கம்ப்ரசர் பெல்ட் வாங்கிக்கொண்டது அந்த விரலை.
பம்பு ரிப்பேருக்கு வந்தவர், போகிற போக்கில் சொன்னார்:
'உங்க பிரிட்ஜும் பியானோவும்
ஒண்ணுக்கொண்ணு முறைச்சுக்கிட்டு இருக்கு டீச்சர்,
கேக்கலையா?'
கேட்கவில்லை, அதுவரைக்கும்.
அன்றிலிருந்து வேறெதுவும் கேட்கவில்லை.
மறு வாரம் சட்டையை இஸ்திரி போட்டு
மாணவராக வந்து உட்கார்ந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.
நாலு தேவைப்படாத வழியாகவே
எல்லாப் பாட்டையும் சுற்றிக் கூட்டிப்போனேன்.
ஒரு கீர்த்தனையில் மட்டும் மாட்டிக்கொண்டது.
மூன்றும் எட்டாது, ஐந்தும் எட்டாது,
நடுவே ஒரு பள்ளம்.
'இந்த இடத்துல ஒண்ணு விழாமப் போகுது,
பாத்தியளா?'
பத்து தடவை பள்ளத்தில் விழுந்தார்.
பதினோராம் தடவை
எனக்கே தெரியாமல் என் வாய் திறந்தது.

அவர் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை போனார்.
பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தார்,
பிறகு என்னை.
அப்பாவையும் மணலையும் பற்றிச் சொல்லியிருக்கலாம்.
'அடுத்த வாரம் இதே பாடம்'
என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் சாரல். ஈரத்தில் கட்டைகள் ஊதியிருந்தன.
பள்ளம் வந்தது.
அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு
அவரே போட்டார்.
கரகரத்த ஒரு சுரம், கொஞ்சம் கீழே,
சரியாக என் பிரிட்ஜின் சுதியில்.

வாசலில் கெர்சோன் சிரித்தான்.
சிரித்துக்கொண்டே, முதல் தடவையாக,
கூப்பிடாமல் உள்ளே வந்தான்.

பென்சிலை எடுத்தேன்.
திருத்தலாம்.
கொஞ்சம் கீழேதான்.