பதினான்காம் தூண்

இமெரேத்தி மலைச்சரிவில்
எண்பது மீட்டர் துளையிட்டுக் குழாய் இறக்கினோம்.
மண் நகர்ந்தால் குழாய் வளையும்,
வளைந்தால் கருவி சொல்லும்.
இரண்டு மாதம் அது வாயே திறக்கவில்லை.

லமாரா வந்தாள், ரப்பர் பூட்ஸில் சேறு அப்பி.
"பூமியைக் குத்தினது போதும்,
என் கதவை வந்து பாருங்கள்."

கதவு நிலையில் இடித்தது.
ஈஸ்டருக்கு முன் ஒருதரம் இழைத்தாளாம்,
திராட்சை பறித்து முடித்தபின் ஒருதரம்,
நேற்று மறுபடி.
சீவல்களைக் கூடையில் சேர்த்திருந்தாள், அடுப்பு மூட்ட.
மேற்கட்டையில் பென்சில் கோடுகள்,
ஒவ்வொன்றுக்கும் தேதி.
டேப்பை நீட்டினேன்:
பதினொரு மில்லிமீட்டர், ஆற்றுப் பக்கமாக.

அலுவலகத்தில் சிரித்தார்கள்.

மார்ச்சில் பனி உருகி, மேலே மழையும் பிடித்துக்கொள்ள
முப்பத்தோராம் மீட்டரில் குழாய் அறுந்தது.
உள்ளே போன கருவி
இன்றுவரை வெளியே வரவில்லை.

வரைபடம் மாறியது.
பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்கு
ஒரே தாண்டல்.
இரு கரையிலிருந்தும் கான்கிரீட்டைத்
துண்டு துண்டாக நீட்டி
காற்றில் கோத்தார்கள்.
பதினான்கு என்ற எண் மட்டும்
பழைய காகிதங்களில் நிற்கிறது,
லமாராவின் கோழிக்கூண்டுக்கு நேராக.

தூண் வராத இடத்துக்கு
நஷ்டஈடு கிடையாது.
கடிதத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கொடிப்பந்தலில் பாலத்தின் நிழல்;
தலைக்கு மேல் லாரிகள்,
துருக்கிக்குப் போகிறவை.
மலை நகர்வது அவற்றுக்குத் தெரியாது,
தெரிய வேண்டாம் என்றுதானே கட்டினோம்.

அவள் கடிதத்தைப் பிரிக்கவில்லை.
கதவைக் கீலிலிருந்து கழற்றிச் சாய்த்து
இழைப்புளியை எடுத்தாள்.
"அந்த முனையைப் பிடி."

பிடித்துக்கொண்டேன்.