நாலு மணி

வாளி கம்பியில் இடிக்கும் சத்தம் நாலு மணிக்கு.
சிறுத்தை மூன்றுக்கே நடக்கத் தொடங்கிவிடும்.
சுவரோரம், திரும்பு, சுவரோரம்.
குரும்பப்பட்டியில் மழை பெய்தால்
அவள் சிமெண்டில் தேய்த்த தடத்தில்தான்
முதலில் தண்ணீர் நிற்கும்.

எலும்பு நீக்கிய மூன்று கிலோ.
ஏழு நிமிஷத்தில் தட்டு காலி.
மீதி நாளெல்லாம் என்ன செய்கிறாள் என்று எழுத
பதிவேட்டில் கட்டமே இல்லை.

புதிதாக வந்த டாக்டர் நிலோஃபர்
என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்.
"எப்போ வரும்னு இனி உங்களுக்கே தெரியக்கூடாது, அர்த்தநாரி."

ஒருநாள் விடியலில், சருகுக்கடியில்.
ஒருநாள் இருட்டிய பிறகு, வேங்கை மரக்கிளையில்,
தோலும் எலும்புமாய்க் கட்டிய மாட்டுத் தொடை.
செவ்வாய்க்கிழமை ஒன்றும் கிடையாது.
முதல் செவ்வாய்
எனக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தாநாள் நாலு மணிக்கு
பழக்கதோஷத்தில் போய் நின்றேன்.
நின்றேனா?
கம்பிக்கு இந்தப் பக்கம்
நடந்துகொண்டிருந்தேன், திரும்பித் திரும்பி.

அவள் மேலே கிளையில்
எலும்பை முன்னங்கால்களுக்குள் அணைத்து
அரம் போன்ற நாக்கால்
இழைத்துக்கொண்டிருந்தாள்.

ஏற்காட்டு பஸ் ஒன்று
ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்தது.
ஒரு காது மட்டும்
மலைப்பக்கம் திரும்பியது.
என் பக்கம் இல்லை.