மூக்குப்பேணி

வேணுமென்கிறதைத் தொடாதே,
பக்கத்தில் கிடப்பதைத் தட்டிப் பார்.
இது என் தொழில்.

மாங்குளம், பழைய சங்கக்கடைக்குள் ஏலம்.
பித்தளை மூக்குப்பேணி, விளிம்பில் நெளிவு.

அவள் எடுத்த எடுப்பிலேயே கவிழ்த்தாள்.
அடியில் புள்ளி குத்தின எழுத்தைப்
பெருவிரலால் தேய்த்தாள்: ப. வே.
அவ்வளவுதான், பிடிபட்டுவிட்டாள்.

நான் ஆயிரம் என்றேன்.
அவள் இரண்டு.
மறுபடி நான், சும்மா.
நாலாயிரத்தில் அவளிடமே விட்டேன்.

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கேட்டேன்,
"உங்கட வீட்டுச் சாமானோ?"
"இல்லை. எங்கடது ஆனந்தபுரத்தில
கிணத்துக்குள்ள.
எழுத்து மட்டும் ஒண்டு."

சீலைத் தலைப்பில் சுற்றினாள்.
"இன்னொண்டு கண்டால் சொல்லுங்கோ.
எந்த எழுத்தெண்டாலும் பரவாயில்லை,
வீட்டில ரெண்டு பேர்."

என் வானுக்குள் எட்டுக் கிடந்தன,
கொழும்பு விலையில்.